ஊருக்கு வந்தால் பணம்: அறிவிப்புக்கும் விதிக்கும் இடையே

"இந்தத் தீவுக்குக் குடிபோனால் 84,000 யூரோ தருகிறார்கள்" என்று 2023-இல் உலகம் முழுக்க ஒரு செய்தி சுற்றியது. அயர்லாந்து அரசு அறிவித்தது வேறு. கடலோரத் தீவுகளில் குறைந்தது 2 ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டை ஒருவர் தன் காசில் வாங்கிப் பழுதுபார்த்தால் அந்தச் செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்கும். காலி வீட்டுக்கு 60,000 யூரோ வரை, இடிந்து பாழான வீட்டுக்கு 84,000 யூரோ வரை. இது நிலப்பகுதியில் ஏற்கெனவே இருந்த 50,000, 70,000 வரம்புகளைத் தீவுகளுக்காகக் கொஞ்சம் உயர்த்தியது மட்டும்தான். வேலை முடிந்து, அதிகாரி பார்த்துச் சரி என்று எழுதிய பிறகே பணம் வரும். இடம்பெயர்வதற்கு அதில் ஒரு யூரோகூடக் கிடையாது. விசாவும் கிடையாது.

ஆட்களை ஈர்க்க நகரங்கள் கொடுக்கும் சலுகைகளைப் பற்றிப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியது தொகையை அல்ல. எப்போது தருகிறார்கள், எந்த நிபந்தனை முறிந்தால் திரும்பக் கேட்கிறார்கள், அந்தப் பணம் யார் பையிலிருந்து வருகிறது என்ற மூன்றையும் பார்த்தால் திட்டத்தின் தரம் தெரிந்துவிடும்.

ரொக்கம் தரும் திட்டங்களில் அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்திலுள்ள டல்சா நகரத்துடையது. 2018 நவம்பரில் அறிவித்தார்கள். தொகை 10,000 டாலர். பணம் நகராட்சியுடையது அல்ல, ஜார்ஜ் கைசர் குடும்ப அறக்கட்டளை கொடுத்தது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அமெரிக்காவில் வேலை செய்யும் உரிமை இருக்க வேண்டும், ஓக்லஹோமாவுக்கு வெளியே வசிப்பவராக இருக்க வேண்டும், எங்கிருந்தும் செய்யக்கூடிய முழுநேர வேலையோ சொந்தத் தொழிலோ கையில் இருக்க வேண்டும். கடைசி நிபந்தனைதான் திட்டத்தின் அச்சாணி. வருகிறவர் உள்ளூரில் யாருடைய வேலையையும் எடுத்துக்கொள்ளாமல், வெளியூர்ச் சம்பளத்தை உள்ளூரில் செலவழிக்கிறார்.

தொடக்கத்தில் அந்தப் பத்தாயிரத்தைப் பிரித்த விதம் கவனிக்கத்தக்கது: இடம்பெயரும் செலவுக்கு 2,500, பிறகு மாதம் 500 வீதம் 12 மாதம், ஆண்டு முடிவில் 1,500. கூட்டிப் பாருங்கள், சரியாக இருக்கும். முன்பணம் லாரி வாடகைக்கும் வீட்டு முன்தொகைக்கும் போய்விடும். மாதத் தவணை ஆளை ஊரில் இருத்தும். கடைசித் தொகை ஓராண்டைத் தாண்டச் சொல்லும் தூண்டில். பிற்காலத்தில், அங்கேயே வீடு வாங்குபவர்கள் மொத்தமாகப் பெறலாம் என்ற வழியையும் சேர்த்தார்கள். வீட்டுக்கடன் எடுத்தவர் லேசில் ஊரை விட்டுப் போக மாட்டார் என்பதே அதன் பின்னணி.

இதில் பலர் கவனிக்காத ஒன்று தேர்வு. முதல் ஆண்டில் நூறு இடங்களுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. விண்ணப்பத்தோடு நேர்காணலும் உண்டு. வந்தவர்களுக்குக் கூட்டு அலுவலகத்தில் மேசை, ஒருவரையொருவர் அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சிகள், வீடு தேட உதவி எல்லாம் தந்தார்கள். வேலை இணையத்தில், நண்பர்கள் பழைய ஊரில் என்று இருக்கும் ஒருவருக்குப் புதிய ஊரில் பேச ஆள் கிடைக்காவிட்டால் 13-ஆம் மாதம் கிளம்பிவிடுவார். இந்தத் திட்டத்தைப் பார்த்து நகலெடுத்த சிறு ஊர்கள் பல, தொகையை நகலெடுத்தன. தேர்வையும் அறிமுகத்தையும் விட்டுவிட்டன. அதற்கு ஆள்பலம் வேண்டும், செய்தியிலும் வராது.

மேற்கு வர்ஜீனியாவின் திட்டம் 2021-இல் தொடங்கியது. பிராட் ஸ்மித், அலிஸ் ஸ்மித் தம்பதியர் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த 2.5 கோடி டாலர் அதன் முதல். தொகை 12,000 டாலர். முதல் ஆண்டில் 10,000 மாதத் தவணையாக, மீதி 2,000 இரண்டாம் ஆண்டு முடிவில். அந்தக் கடைசி 2,000-ஐ இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிவைத்தது நல்ல யோசனை.

இனி எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான நோய்க்கு வருவோம். பணம் தராவிட்டாலும் வந்திருக்கக்கூடியவர்களுக்கே பணம் போய்ச் சேர்வது. ஒரு கணக்குப் போடுவோம். 100 பேருக்குத் தலா 10,000 டாலர், மொத்தம் 10 லட்சம். அவர்களில் 60 பேர் எப்படியும் வந்திருப்பார்கள் என்றால், பணத்தால் வந்தவர்கள் 40 பேர்தான். ஒரு ஆளுக்கான உண்மைச் செலவு 25,000. எப்படியும் வந்திருப்பவர் 80 பேர் என்றால் 50,000. இந்த ஒரு விகிதத்தை மறைத்துவிட்டு எழுதப்படும் எந்த வெற்றி அறிக்கையும் பயனற்றது.

வெர்மான்ட் மாநிலம் இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டது. 2018-இல் சட்டம் போட்டு, 2019 முதல் குடியேறுபவர்களுக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் வரை, இரண்டு ஆண்டுகளில் 10,000 டாலர் வரை தந்தது. இது ரொக்கப் பரிசு அல்ல, செலவு ஈடு. லாரி, கணினி, இணைய இணைப்பு, கூட்டு அலுவலக வாடகை போன்றவற்றுக்கு ரசீது காட்ட வேண்டும். வந்து குடியேறிய பிறகே விண்ணப்பிக்கலாம், முதலில் வருபவருக்கு முதலில். அப்படியானால் விண்ணப்பிப்பவர் ஏற்கெனவே முடிவெடுத்து வந்து சேர்ந்தவர். பணம் அவர் முடிவை மாற்றியதா என்று எப்படிச் சொல்வது? மாநிலத் தணிக்கையாளர் இதையே கேட்டார். வந்தவர்களிடம் "பணம் முக்கியக் காரணமா?" என்று படிவத்தில் கேட்டுவிட்டு, பணம் வாங்கியவர் "ஆம்" என்று எழுதியதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

சரியான வழி, ஆள் நகரும் முன்பே விண்ணப்பம் வாங்குவது. தேர்வானவர்களையும், தகுதி இருந்தும் இடம் கிடைக்காதவர்களையும் இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்தால், இடம் கிடைக்காதவர்களில் எத்தனை பேர் அதே ஊருக்கு வந்தார்கள் என்பது தெரியும். அந்த எண்தான் மேலே சொன்ன 60 அல்லது 80. செலவு அதிகமில்லை, ஒரு பட்டியலும் ஆண்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் போதும். பெரும்பாலான நகரங்கள் இதைச் செய்யாததற்குக் காரணம் சோம்பலைவிடப் பயம் என்பது என் கணிப்பு.

பணம் யார் பையில் திரும்ப விழுகிறது என்பதும் பார்க்க வேண்டியது. ஓக்லஹோமாவில் நகராட்சிகளின் அன்றாடச் செலவு பெரும்பாலும் விற்பனை வரியிலிருந்து நடக்கிறது. ஆகவே புதியவர் கடையில் செலவழித்தால் நகரத்துக்கு உடனே வரவு. வருமான வரி முழுக்க மாநிலத்துக்கோ மத்திய அரசுக்கோ போகும் நாட்டில், நகராட்சி தன் பணத்தில் ஆள் கூட்டினால் லாபம் மேலே போகும், குப்பையும் குடிநீரும் பள்ளிக்கூடமும் கீழே விழும். ஜப்பானில் இதற்குச் செலவைப் பகிரும் வழி கண்டார்கள். டோக்கியோவிலிருந்து வெளியேறுபவர்களுக்கான உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு தருகிறது, மீதியை மாகாணமும் உள்ளூராட்சியும் ஏற்கின்றன.

அந்த ஜப்பானியத் திட்டம் 2019-இல் தொடங்கியது. விதிகள் நுணுக்கமானவை. கடந்த 10 ஆண்டுகளில் மொத்தம் 5 ஆண்டாவது டோக்கியோவின் 23 வார்டுகளில் வசித்திருக்க வேண்டும், அல்லது டோக்கியோ வட்டாரத்திலிருந்து அந்த வார்டுகளுக்கு வேலைக்குப் போய்வந்திருக்க வேண்டும். கடைசி ஓராண்டு இடைவிடாமல் அப்படி இருந்திருக்க வேண்டும். குடும்பத்துக்கு 10 லட்சம் யென் வரை, தனியாளுக்கு 6 லட்சம் வரை. 2023 நிதியாண்டிலிருந்து 18 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் மேலும் 10 லட்சம் வரை. 3 ஆண்டுக்குள் ஊரை விட்டுப் போனால் முழுத்தொகையையும், 3 முதல் 5 ஆண்டுக்குள் போனால் பாதியையும் திருப்பித் தர வேண்டும். 2024-இல், திருமணத்துக்காக ஊர்ப்புறம் போகும் பெண்களுக்கும் பணம் என்று ஒரு யோசனை எழுந்து, எதிர்ப்பு வெடித்ததும் சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. ஊரில் பெண்களுக்கு ஏற்ற வேலை இல்லாததால் அவர்கள் நகரத்துக்குப் போகிறார்கள், அதற்கு மருந்து மாப்பிள்ளையா என்ன?

திருப்பிக் கேட்கும் விதியில் உலகிலேயே கறாரானவற்றில் ஒன்று சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்திலுள்ள அல்பினென் என்ற மலைக்கிராமத்துடையது. 240 பேர் அளவில் இருந்த ஊர். 2017 நவம்பரில் கிராமக் கூட்டத்தில் வாக்கெடுத்து நிறைவேற்றினார்கள். பெரியவருக்கு 25,000 பிராங்க், குழந்தைக்கு 10,000 பிராங்க். இரண்டு குழந்தைகள் உள்ள தம்பதிக்கு 70,000. செய்தியில் வந்தது இவ்வளவுதான். விதியில் இருப்பது: வயது 45-க்குள், வீட்டுக்குக் குறைந்தது 2 லட்சம் பிராங்க் முதலீடு, அது நிரந்தர வசிப்பிடமாக இருக்க வேண்டும், விடுமுறை வீடு கூடாது, வெளிநாட்டவர் என்றால் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி வேண்டும், 10 ஆண்டுக்குள் கிளம்பினால் பணத்தைத் திருப்ப வேண்டும். 2 லட்சம் கையில் உள்ள, அந்த நாட்டில் ஏற்கெனவே வேரூன்றிய இளம் குடும்பங்களுக்கான வலை அது. ஆனால் உலகெங்கிலுமிருந்து வந்த விசாரிப்புகளில் ஊராட்சி அலுவலகம் திணறிப்போனது.

திருப்பிக் கேட்கும் விதி எழுதும்போது வழக்கமாக நடக்கும் தவறு, படிக்கட்டு இல்லாமல் செங்குத்தாக எழுதுவது. "5 ஆண்டுக்குள் போனால் முழுத்தொகை" என்றால், நாலே முக்கால் ஆண்டில் வேலை போனவர் கடனாளி ஆகிறார். அவரிடம் வசூலிக்க வழக்குப் போட வேண்டும், வழக்குச் செலவு தொகையைத் தின்றுவிடும். டெட்ராய்ட் நகரில் 2011-இல் மருத்துவமனைகளும் பல்கலைக்கழகமும் தங்கள் ஊழியர்களை அருகில் குடியேற்ற 20,000 டாலர் வரை வீட்டுக்கடன் தந்தன. அங்கேயே தொடர்ந்து வசித்தால் சில ஆண்டுகளில் கடன் தள்ளுபடியாகிவிடும். கடனாகக் கொடுத்துக் காலப்போக்கில் கரைப்பது, பரிசாகக் கொடுத்துப் பின்பு பறிப்பதைவிட எளிது. வீட்டுப் பத்திரத்தில் பதிவாகிவிட்டால் விற்கும்போது பாக்கி தானாகவே கழிந்துவிடும்.

நீண்ட நாள் இருப்பவருக்கு அரசே அதிகம் தருவது என்ற யோசனைக்கு அமெரிக்காவில் சட்டத்தடை உண்டு. அலாஸ்கா எண்ணெய் வருவாயை மக்களுக்குப் பங்கிடும்போது, வசித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 50 டாலர் என்று முதலில் திட்டமிட்டது. உச்ச நீதிமன்றம் 1982-இல் அதை ரத்து செய்தது. புதிதாக வந்தவரைக் குறைந்த குடிமகனாக நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். அதனால்தான் அந்த ஆண்டின் முதல் பங்கு எல்லாருக்கும் ஒரே அளவாக 1,000 டாலர் என்று கொடுக்கப்பட்டது.

அடுத்து ஒரு யூரோ வீடுகள். இத்தாலிய ஊர்கள் இந்த விளம்பரத்தில் கைதேர்ந்தவை. நடைமுறை ஏறக்குறைய இப்படி: விலை 1 யூரோ, பத்திரப் பதிவுச் செலவும் நோட்டரி கட்டணமும் வாங்குபவருடையவை, ஊராட்சியிடம் வழக்கமாக 5,000 யூரோ அளவில் வைப்புத்தொகை, குறித்த மாதங்களுக்குள் புனரமைப்பு வரைபடம், 3 ஆண்டுக்குள் வேலை முடிப்பு. முடிக்காவிட்டால் வைப்புத்தொகை போச்சு. கூரை சரிந்த கல்வீட்டை வசிக்கத் தக்கதாக்கப் பல பத்தாயிரம் யூரோ ஆகும். சந்து குறுகலாக இருந்தால் இயந்திரம் நுழையாது, இடிபாட்டைக் கையால் சுமந்து வெளியேற்ற வேண்டும், கூலி ஏறும். பக்கத்து வீட்டோடு சுவர் பொதுவாக இருந்தால் அவர் சம்மதமும் வேண்டும்.

தாமதத்துக்கு முக்கியக் காரணம் உரிமை. ஒரே வீட்டுக்கு நான்கு நாடுகளில் பன்னிரண்டு வாரிசுகள் என்பது அங்கே சாதாரணம். ஒருவர் கையெழுத்திடாவிட்டால் விற்பனை நிற்கும். சிசிலியின் சம்பூகா ஊர் 2019-இல் வேகமாக விற்க முடிந்ததற்குக் காரணம், 1968 நிலநடுக்கத்துக்குப் பிறகு கைவிடப்பட்ட வீடுகள் ஊராட்சியின் பெயரிலேயே இருந்தன. 16 வீடுகளை 1 யூரோவில் தொடங்கி ஏலம் விட்டார்கள். பெரும்பாலானவை ஆயிரங்களில் போய் முடிந்தன. அதைவிட முக்கியம், ஏலத்தில் தோற்றவர்கள் பலர் அதே ஊரில் சந்தை விலைக்கு வேறு வீடு வாங்கினார்கள். ஊருக்குக் கிடைத்த பெரிய லாபம் அந்த விளம்பரம். ஆனால் மக்கள்தொகைத் திட்டமாகப் பார்த்தால் இது பலவீனமானது. நிரந்தரமாக வசிக்க வேண்டும் என்ற கட்டாயம் பல ஊர்களில் இல்லை. ஆகஸ்டில் திறந்து செப்டம்பரில் பூட்டும் வீடு பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றாது.

பிரிட்டனில் 2013-இல் லிவர்பூலும் ஸ்டோக்-ஆன்-ட்ரெண்ட்டும் 1 பவுண்டு வீடுகளைக் கொண்டுவந்தன. லிவர்பூலில் வாங்கியவரே ஓராண்டுக்குள் புனரமைத்து, 5 ஆண்டு அங்கேயே வசிக்க வேண்டும். ஸ்டோக்கில் 33 வீடுகளை அடுத்தடுத்து ஒரே பகுதியில் எடுத்து, பழுதுபார்ப்பை நகராட்சியே செய்து, செலவை வாங்குபவர் பெயரில் நீண்ட தவணைக் கடனாக மாற்றியது. எனக்கு ஸ்டோக்கின் முறையே பிடிக்கிறது. பாழான தெருவில் ஒரே ஒரு வீட்டைச் சரிசெய்தால் அதன் சந்தை மதிப்பு செலவைவிடக் குறைவாகவே இருக்கும், வங்கி கடன் தராது, இரு பக்கத்துக் காலி வீடுகளிலிருந்தும் ஈரம் சுவர் வழியே வரும். தெருவாக எடுத்தால்தான் கணக்குத் தேறும்.

சொத்து வரி விலக்கு பற்றிச் சுருக்கமாக. பிலடெல்பியா 2000-ஆம் ஆண்டில் புதுக் கட்டடங்களுக்கு 10 ஆண்டு முழுவிலக்கு தந்தது, நிலத்துக்கு மட்டும் வரி. கட்டுமானம் பெருகியது. ஆனால் இத்தகைய விலக்கின் மதிப்பில் பெரும்பகுதி மனை விலையில் ஏறிவிடும், லாபம் நிலம் வைத்திருந்தவருக்குப் போகும். 2022 முதல் புதுக் குடியிருப்புகளுக்கு விலக்கு ஆண்டுக்கு 10 சதவீதப் புள்ளி குறையும்படி மாற்றினார்கள்.

ஆட்களை வரவழைப்பதும் தக்கவைப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதற்குத் தென்கொரியாவின் ஹேநாம் வட்டாரம் நல்ல சான்று. 2012 முதல் தாராளமான குழந்தைப்பேற்றுத் தொகை, தொடர்ந்து ஏழு ஆண்டுகள் நாட்டிலேயே உயர்ந்த பிறப்பு விகிதம். ஆனால் மொத்த மக்கள்தொகை குறைந்துகொண்டே போனது. தொகை முடிந்ததும் குடும்பங்கள் வேலையும் குழந்தை மருத்துவரும் இருக்கும் நகரங்களுக்கு நகர்ந்தன.

மறுபக்கம் ஜப்பானின் அகாஷி. 2011 முதல் 2023 வரை மேயராக இருந்த புசாஹோ இசுமி காலத்தில் ரொக்கத்துக்குப் பதில் ஐந்து இலவசங்கள் வந்தன: பள்ளி முடிக்கும் வயது வரை மருத்துவம், இரண்டாவது குழந்தையிலிருந்து காப்பகம், ஒரு வயது வரை டயப்பர், நடுநிலைப் பள்ளி மதிய உணவு, நகராட்சியின் விளையாட்டு இடங்கள். எதற்கும் வருமான வரம்பு கிடையாது. வரம்பு வைத்திருந்தால், வரி கட்டும் இரட்டைச் சம்பளக் குடும்பங்கள் வந்திருக்காது. டயப்பரைக் கடைச் சீட்டாகத் தராமல், குழந்தை வளர்த்த அனுபவமுள்ள பெண்கள் மாதம் ஒருமுறை வீட்டுக்கே கொண்டுபோய்த் தந்தார்கள். கதவைத் திறக்கும் தாய் எப்படி இருக்கிறார் என்று அப்போது பார்த்துவிடலாம். மக்கள்தொகை பத்தாண்டு தொடர்ந்து ஏறி மூன்று லட்சத்தைத் தாண்டியது. விளைவாக 2018 வாக்கில் காப்பகத்துக்குக் காத்திருந்த குழந்தைகளின் பட்டியல் நாட்டின் மிக நீண்டவற்றுள் ஒன்றானது. ஈர்ப்பு வெற்றி பெற்றால் இரண்டு மூன்று ஆண்டுகளில் இந்த நெரிசல் வரும், காப்பகக் கட்டடத்தையும் ஆசிரியர்களையும் அதற்கு முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும்.

டோக்கியோவுக்கு அருகிலுள்ள நாகரேயாமா அந்த நெரிசலுக்கு ஒரு விடை கண்டது. காலையில் பெற்றோர் ரயில் நிலையத்தருகே உள்ள மையத்தில் குழந்தையை விட்டுவிட்டு ரயிலேறுவார்கள். பேருந்து குழந்தைகளை ஊரின் பல காப்பகங்களுக்கும் கொண்டுசேர்க்கும், மாலையில் திரும்பக் கொண்டுவரும். கட்டணம் நாளுக்கு 100 யென், மாதத்துக்கு அதிகபட்சம் 2,000. நிலையத்தருகே இடமில்லாமல் நிரம்பி வழிவதும், ஊர் ஓரத்தில் இடம் காலியாகக் கிடப்பதும் ஒரே பேருந்தில் தீர்ந்தன.

மிச்சிகனின் கலமசூவில் 2005 நவம்பரில் பெயர் சொல்ல விரும்பாத கொடையாளர்கள் அறிவித்தது இன்னும் நேரடியானது: ஊர்ப் பொதுப்பள்ளியில் படித்து முடிப்பவருக்குக் கல்லூரிக் கட்டணம். மழலை வகுப்பிலிருந்தே படித்தால் 100 சதவீதம், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தால் 65 சதவீதம், அதற்குப் பிறகு வந்தால் ஒன்றுமில்லை. பல பத்தாண்டுகளாகச் சரிந்துவந்த பள்ளிச் சேர்க்கை ஏறத் தொடங்கியது. திருப்பிக் கேட்கும் விதியே தேவையில்லை. ஊரில் இருக்க இருக்கப் பலன் கூடுகிறது, நடுவில் கிளம்பினால் தானாகவே இழப்பு.

விண்ணப்பிக்க எண்ணுபவர்கள் கவனிக்க வேண்டியவை சில. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் விண்ணப்பியுங்கள், ஏற்கெனவே வந்துவிட்டவரைப் பல திட்டங்கள் தகுதியற்றவர் என்று தள்ளிவிடும். நகர எல்லை எங்கே முடிகிறது என்று வரைபடத்தில் பாருங்கள், அஞ்சல் முகவரியில் நகரத்தின் பெயர் இருந்தும் எல்லைக்கு வெளியே உள்ள வீடுகள் உண்டு. நிறுவனத்திடமிருந்து எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்ற கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள், ஓராண்டுக்குள் அலுவலகம் திரும்ப அழைத்தால் தவணை என்ன ஆகும் என்றும் கேளுங்கள். இந்த ஆண்டு ஒதுக்கீட்டில் எத்தனை இடம் மீதி என்று தொலைபேசியில் விசாரியுங்கள், இணையதளம் திறந்திருக்கும், பணம் தீர்ந்திருக்கும். அமெரிக்காவில் இந்த உதவித்தொகை வருமானமாகவே கருதப்படும். உங்கள் வரி விகிதம் 22 சதவீதம் என்றால் 10,000 டாலரில் 2,200 மத்திய வரிக்கே போகும், மாநில வரி தனி. தவணை கையில் வரும்போது யாரும் பிடித்துக்கொள்ள மாட்டார்கள், ஏப்ரலில் மொத்தமாகக் கட்ட வேண்டியிருக்கும்.